ரதம் ஜாக்கியில் நிற்கிறது

நாலு மணி மழை. கிள்ளான் மேரு சாலையோரம் ஒரு பட்டறையின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினேன். பையன் ஒருவன் பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னான். அதற்குப் பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை.

உள்ளே சாமி இல்லாத ரதம். மேல்கோபுரத்தைக் கோயிலிலேயே இறக்கி வைத்துவிட்டு அடித்தட்டை மட்டும் இழுத்து வந்திருக்கிறார்கள். ஓரம் முழுக்க வெள்ளை உலோகத் தகட்டில் மயில்கள். மயில்களுக்குக் கீழே கறுத்த கிரீஸ். கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வெள்ளி ரதம் 1983-இல் வந்தது. 350 கிலோ வெள்ளி என்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த வட்டாரம் இது. சின்னக் கோயிலுக்கும் ஒரு ரதம் வேண்டியிருக்கிறது. இது இரண்டு சக்கர ட்ரெய்லர்தான். டிராக்டர் இழுக்கும்.

"1500 கிலோ அச்சைக் கழட்டிட்டு 3000 கிலோ அச்சை மாட்டிடு தம்பி. ரெண்டு மணி நேர வேலைதானே?" என்றார் கோயில்காரர். அறுபது வயதிருக்கும். நெற்றியில் பட்டை, கையில் பிளாஸ்டிக் பையில் தே ஓ.

பட்டறைக்காரர் பதில் சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து பழைய டயரை உள்ளங்கையால் தடவினார். வெளி ஓரம் புதுசாக இருந்தது. உள் ஓரம் வழுக்கை. அடுத்து ஒரு நைலான் கயிற்றை இந்தச் சக்கரக் குடத்திலிருந்து அந்தக் குடம்வரை இழுத்துக் கட்டினார். கயிறு நேராக நின்றது. அச்சு நடுவில் ஒரு விரற்கடை தொங்கியது.

"என்னென்ன ஏத்துறீங்க ஐயா?"

கோயில்காரர் விரல் மடக்கினார். முதல் வருஷம் சாமியும் சீரியல் பல்பும். அடுத்து எட்டு ஒலிபெருக்கி. அடுத்து முகப்பில் இரண்டு யானை, ஃபைபர்தான். குருக்கள் மூவர். போன மாதம் ஓர் உபயகாரர் கொடுத்த புது ஜெனரேட்டர், அது மட்டும் 600 கிலோ. ஏற்றிய பட்டியல் நீண்டது. எந்த வருஷமும் எதையும் இறக்கியதாகச் சொல்லவில்லை. மயிலிறகும் வண்டியும் வரும் குறள் உங்களுக்கு இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும். பட்டறையில் யாரும் அதைச் சொல்லவில்லை.

பட்டறைக்காரர் டயரின் பக்கவாட்டில் ஓர் எண்ணைச் சுட்டினார்: 97. "இதுக்கு அர்த்தம் ஒரு டயர் 730 கிலோ தாங்கும். ரெண்டுக்கும் 1460." சாக்பீஸால் தரையில் 3000 என்று எழுதினார். அதன் கீழே 1460. கீழே இருந்ததற்கு மட்டும் கோடு போட்டார். "அச்சு மூவாயிரம்னாலும் வண்டி இவ்வளவுதான். 122-னு போட்ட டயர் வேணும், ஒண்ணு 1500 தாங்கும். பழைய ரிம்முல அஞ்சு ஓட்டை, புதுக் குடத்துல ஆறு. அதனால ரிம்மும் மாறுது. பட்டை ஸ்பிரிங், யூ போல்ட்டு, பிரேக்கு, முன்னால இழுக்கிற கம்பி, எல்லாத்தையும் பாக்கணும்."

"அச்சு மட்டும்தான்னு கமிட்டியில சொல்லிட்டு வந்தேனே."

சாலையில் கல் லோரி ஒன்று தண்ணீரை வாரி இறைத்துப் போனது. அதன் விலாவில் BDM, BTM என்ற எழுத்துகள், பக்கத்தில் எண்: பாரத்தோடு எவ்வளவு, பாரமில்லாமல் எவ்வளவு என்று லோரிக்கு எழுதியே ஆகவேண்டும். 2025 மே 13-இல் தெலுக் இந்தானில் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் இறந்த விபத்தில் மோதியதும் ஒரு கல் லோரிதான். அதில் அளவுக்கு மீறிய பாரம். ரதத்தின் விலாவில் மயில் மட்டும் இருக்கிறது. பக்கத்தில் குழந்தைகள் நடப்பார்கள்.

புது அச்சு சுவரில் சாய்ந்திருந்தது. நடுவில் லேசாக மேல்நோக்கி வளைவு. பாரம் ஏறினால் நேராகும். பையன் அதைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். பட்டறைக்காரர் திட்டவில்லை. வாங்கித் திருப்பி, சாக்பீஸால் 'மேல்' என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

"பெரிய டயர் போட்டா நாலு இஞ்சு உசரும்" என்றார்.

கோயில்காரர் தே ஓவை உறிஞ்சுவதை நிறுத்தினார். "சந்துக்குள்ள டெலிபோன் கம்பி இருக்கு தம்பி. போன வருஷமே மூங்கிலால தூக்கிப் பிடிச்சுத்தான் போனோம்."

இருவரும் மேலே, இல்லாத கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"கலசத்தைக் கழட்ட முடியாதுல்ல?"

"முடியாது."

"ஜெனரேட்டரை இறக்கி, பின்னால தனி வேன்ல வச்சுட்டா?"

கோயில்காரர் வெகுநேரம் பேசவில்லை. அதில் உபயகாரர் பெயர் எழுதியிருக்கிறதாம். பெரிய எழுத்தில். கைபேசியை எடுத்துக்கொண்டு மழையோரம் போய் நின்றார்; "ஆமா தலைவரே, ஆமா தலைவரே" என்பது மட்டும் கேட்டது.

திரும்பி வந்து, "எல்லாத்தையும் மாத்திடு தம்பி. ஜெனரேட்டரும் இருக்கட்டும். கம்பியைப் பாத்துக்கலாம்" என்றார்.

"முதல் அம்பது கிலோமீட்டர்ல யூ போல்ட்டைத் திரும்ப முறுக்கணும் ஐயா."

"வருஷத்துக்கே எட்டு கிலோமீட்டர்தான் ஓடும்."

"அப்ப ஊர்வலம் முடிஞ்ச ராத்திரியே கொண்டாங்க."

மழை விட்டது. நான் எழுந்தபோது ரதம் ஜாக்கியில்தான் நின்றது. டயர் சனிக்கிழமை வருமாம்.