செல்லாக் காசின் செல்வாக்கு

புதுச்சேரியின் மஞ்சள் சுவர்களையும் காகிதப்பூக்களையும் எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். பழம்பொருள் விற்பவர்களின் விரிப்பில் கிடக்கும் கனத்த செப்புக் காசு ஒன்றைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம்: சீதை, தம்பிமார், காலடியில் அனுமன். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், 1818 என்று ஆண்டு, அரையணாவோ இரண்டணாவோ மதிப்பு. பூஜையறையில் வைத்தால் பணம் தங்கும், கல்லாப்பெட்டியில் வைத்தால் வியாபாரம் ஓடும் என்பார்கள். கம்பெனி இப்படியொரு காசை அடித்ததே கிடையாது. 1616, 1717 என்று ஆண்டு போட்டவையும் உண்டு. போட்டவருக்கு எண்ணின் அழகு போதும், சரித்திரம் வேண்டியதில்லை. விவரம் தெரிந்த பயணிக்கு முதலில் வருவது எரிச்சல். அதுவும் இந்த ஊரில் எரிச்சல் இரட்டிப்பாகும். 1816 கடைசியிலேயே ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1818-ல் இங்கே கம்பெனி ஆளவே இல்லை.

ஆனால் எரிச்சலோடு நகர்ந்துவிட்டால் நல்ல கேள்வி ஒன்று கைநழுவிப் போகும். அதிர்ஷ்டம் தருவது சாமி என்றால், சாமியின் முதுகில் கம்பெனிக்கு என்ன வேலை? என் எண்ணம் இது: அதிர்ஷ்டக் காசுக்கு ஒரு பக்கம் தெய்வம் போதாது, மறுபக்கம் ஒரு சர்க்காரும் வேண்டும், அந்தச் சர்க்கார் போய்ச் சேர்ந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. வாங்குகிறவர் ராமரைத்தானே பார்க்கிறார், ஆங்கில எழுத்தை யார் படிக்கிறார்கள் என்று கேட்கலாம். ராமர் மட்டும் போதுமென்றால் கோயில் வாசலில் டாலர் மலிவாகவே கிடைக்கிறது. அந்த ‘டாலர்’ என்ற சொல்லையே பாருங்கள். கழுத்தில் தொங்கும் சாமிப் படத்துக்கு நாம் வைத்த பெயர் அயல்நாட்டு நாணயத்தின் பெயர். தங்கத்தை எடைபோட எடுத்துக்கொண்ட ‘சவரன்’ இங்கிலாந்தின் பவுன் காசு. விக்டோரியா ராணியின் தலை பதித்த பவுன்களைக் கோத்துக் காசுமாலையாகப் போட்டுக்கொண்ட கழுத்துகளுக்கு, அந்த அம்மாள் எந்த மதம் என்பது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. இன்றைய காசுமாலையில் ராணி இருந்த இடத்தில் லட்சுமி உட்கார்ந்திருக்கிறாள். தங்கமே லட்சுமி என்று நினைக்கிற நாட்டில், மேலே யார் முகம் இருந்தாலும் அடியில் இருப்பது அவள்தான்.

இதற்குப் புதுச்சேரி அக்கசாலையைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1736-ல் ஆர்க்காட்டு நவாபிடம் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பிரெஞ்சு ஆளுநர் துய்மா பெற்றார். இங்கே அடித்த அந்த வெள்ளி ரூபாயில் பிரான்ஸ் தேசத்தின் பெயரே கிடையாது. முகலாய பாதுஷாவின் பெயர் பாரசீக எழுத்தில், கூடவே இந்த அக்கசாலைக்கு அடையாளமாக ஒரு பிறை. தங்க வராகனில் தெய்வ உருவம். செப்புத் துட்டில் ஒரு பக்கம் பிரெஞ்சு அரசகுலத்தின் லில்லிப்பூ, மறுபக்கம் தமிழ் எழுத்தில் ‘புதுச்சேரி’. துட்டு பிரெஞ்சுக்காரர் வாயில் ‘டூடூ’ ஆனது, பணம் ‘ஃபனோன்’ ஆனது. கத்தோலிக்க மன்னர் ஒருவரின் வியாபாரிகள் ஒரே ஊரில் பிறையும் பெருமாளும் பூவும் அடித்திருக்கிறார்கள். பக்தியாலா? சந்தையில் எந்த முகம் செல்லுமோ அந்த முகம். பிறகு 1830-ல் பாரிசில் நடந்த புரட்சியில் லில்லிப்பூ வீழ்ந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் வந்த புதுச்சேரிக் காசுகளில் சேவல் ஏறியது. லத்தீனில் ‘கால்லுஸ்’ என்றால் சேவலும்தான், பழைய பிரான்சான ‘கால்’ (Gaul) நாட்டவனும்தான். அந்தச் சிலேடையால் அது பிரான்சின் சின்னமானது. உப்பளத்துக் கூலிக்கு லத்தீன் தெரிந்திருக்காது. லில்லிப்பூவைச் சூலமாகவும் சேவலை முருகன் கொடியாகவும் அவர் கண்டிருந்தால் அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சின்னத்தை அடித்தவர் ஒன்று நினைக்கிறார், கையில் வாங்கியவர் வேறொன்று நினைக்கிறார். காசு இரண்டு பேருக்கும் செல்கிறது.

இதனால் பொய்க்காசு நியாயமாகிவிடுமா என்று கேட்பவர்களின் கேள்வி சரியானதே. பழைய செம்புக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு, அதில் இரிடியம் இருக்கிறது என்று சொல்லி லட்சக்கணக்கில் பறிக்கும் கூட்டங்களைத் தமிழ்நாட்டுப் போலீஸ் அடிக்கடி பிடிக்கிறது. 1818 காசும் அந்த மோசடிக்கு உடந்தை. பூஜைக்கான வில்லை என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. ராமர் பட்டாபிஷேக வில்லைகளைப் பொன்னிலும் வெள்ளியிலும் அடித்து வீட்டில் வைத்து வணங்கும் வழக்கம் பழையது, அவை நாணயம் என்று யாரையும் ஏமாற்றியதில்லை. கம்பெனி நாணயம் என்று விற்பதுதான் குற்றம். ஆனால் அந்தப் பொய்யும் வெறுங்காற்றில் பிறந்ததல்ல. சென்னையில் கம்பெனி உண்மையாகவே திருமாலைப் பொறித்துக் காசு அடித்தது: நட்சத்திர வராகனில் அவர், 1807-க்குப் பின் வந்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் அவரே. அந்த வராகனைக் கீழிறக்கி ரூபாயைச் சென்னை மாகாணத்தின் தர நாணயமாகக் கம்பெனி அறிவித்த ஆண்டு எது தெரியுமா? 1818. தற்செயல்தான், அச்சு வெட்டியவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சாமி காசிலிருந்து இறங்கத் தொடங்கிய ஆண்டைப் போட்டே சாமியை மறுபடி காசில் ஏற்றியிருக்கிறார்.

இப்போது ராமருக்கும் போட்டி வந்துவிட்டது. பரிசுப்பொருள் கடைகளில் சிரிக்கும் புத்தர், பக்கத்தில் சிவப்புக் கயிற்றில் கோத்த, நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசுகள். வாசற்கதவில் மாட்டினால் செல்வம் வருமாம். அவற்றின் மேலுள்ள நான்கு எழுத்துகள் மந்திரம் என்று வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். அவற்றில் இரண்டு, பெரும்பாலும் சிங் வம்சத்துப் பேரரசர் ஒருவரின் ஆட்சிப் பெயர். அந்த அரசு 1912-ல் முடிந்துபோனது.