பொங்கி வழிந்த பால்

அடுப்பில் பால் பொங்கி வழியும். என் மனைவி பக்கத்திலேயே நின்று ஜன்னல் வழியே இறப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "நினைப்பெல்லாம் எங்கே?" என்று சத்தம் போடுவேன். பத்தொன்பது வருட இல்லறத்தில் இதை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, அல்லாஹ் அறிவான். பதிலுக்காக ஒரு நாளும் காத்திருந்ததில்லை.

கேகாலை மாவட்டத்தில், தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு பாடசாலையில் நான் மௌலவி ஆசிரியர். சினிமாவுக்கும் எனக்கும் வெகுதூரம். சென்ற விடுமுறையில் மூத்த மகள், "வாப்பா, இதை மட்டும் ஒருக்காப் பாருங்களேன்" என்று '36 வயதினிலே' படத்தைப் போட்டாள். பாட்டு வந்த இடங்களை அவளே தாண்டிவிட்டாள்.

2014இல் மலையாளத்தில் மஞ்சு வாரியர் நடித்து வந்த கதை அது. அதே இயக்குநர் ரோஷன் ஆன்ட்ரூஸ் 2015இல் தமிழில் எடுத்தார். திருமணத்தின் பின் நடிப்பை விட்டிருந்த ஜோதிகா, பல வருடங்கள் கழித்து இதில்தான் திரும்பி வந்தார்.

கதாநாயகி வசந்தி அரச அலுவலகத்தில் வேலை செய்பவள். சமையல், பஸ், அலுவலகம், மறுபடியும் சமையல். கல்லூரிக் காலத்தில் துணிந்து பேசியவள், இப்போது வீட்டாருக்கே கேலிப்பொருள். ஜனாதிபதியைச் சந்திக்கும் நேரத்தில் மயங்கி விழுகிறாள். ஊரே சிரிக்கிறது. கணவரும் மகளும் அவளை விட்டுவிட்டு அயர்லாந்துக்குப் போய்விடுகிறார்கள். பழைய தோழி வந்து, அவள் முன்பு எப்படி இருந்தாள் என்பதை நினைவூட்டுகிறாள். மாடியில் நஞ்சில்லாமல் விளைவித்த மரக்கறி அவளுக்கு வழி திறக்கிறது.

அந்தக் கணவரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிடப் பார்த்தேன். முடியவில்லை. அவர் பேசிய தோரணை எனக்கு மிகவும் பழக்கமானது.

அன்றிரவு மனைவியிடம் கேட்டேன்: "பால் பொங்குற நேரம் மனசு எங்கே போகுது?"

முதலில் சிரித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "கரும்பலகையில சட்டை வெட்டுற அளவு கீறிக்கிட்டு இருப்பேன். இருபத்திரெண்டு பிள்ளைகள். எல்லாருக்கும் பேர் வச்சிருக்கேன்."

கலியாணத்துக்கு முன் அவள் தையல் படித்துச் சான்றிதழ் பெற்றவள். படிப்பிக்கப் போகவா என்று கேட்டபோது, "பிள்ளைகள் வளரட்டும்" என்றேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். சான்றிதழ் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் கிடக்கிறது. அன்னை கதீஜா (ரழி) அவர்கள் வியாபாரம் நடத்திய வரலாற்றை வருடாவருடம் வகுப்பில் படிப்பிக்கும் நான், வீட்டில் இப்படி இருந்திருக்கிறேன்!

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் விறாந்தையில் தையல் வகுப்பு நடக்கிறது. இருபத்திரெண்டு பேர் இல்லை, ஐந்து பேர். மூவர் தோட்டத்துப் பிள்ளைகள். அன்று தேநீர் போடுவது என் வேலை. ஒரு நாள் பாலைப் பொங்கவும் விட்டேன்.

சகோதரிகளே, படம் பாருங்கள் என்று சொல்ல இதை நான் எழுதவில்லை. உங்கள் மனம் எங்கே போகிறது என்று வீட்டில் யாரும் கேட்காவிட்டால், நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சகோதரர்களே, கேட்டால் பதில் வரும்வரை சற்றுப் பொறுத்திருங்கள்.