ஈரமும் பாரமும்



நமது ஆலயத்தில் வேதாகமம் வைக்கும் சாய்பலகையின் மேற்பரப்பு மழையீரம் பட்டு உரிந்துபோயிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். புதிய பலகையை நானே செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். போதகர் இல்லத்தின் பின்புறக் கொட்டகையில் எனக்கென்று சிறிய பட்டறை ஒன்று உண்டு. அதில் முக்காலிகளும் ஒரு புத்தக அலமாரியும் செய்திருக்கிறேன். வெனீர் ஒட்டிப் பழக்கமில்லை.

நான் வாங்கியது வால்நட் மரத்தின் முண்டிலிருந்து சீவிய வெனீர். கனம் அரை மில்லிமீட்டர் அளவே. முண்டில் நார்கள் ஒரே திசையில் ஓடுவதில்லை. சுழன்றும் மடங்கியும் ஓடுகின்றன. அந்தச் சுழிகளுக்காகவே அதை விரும்பி வாங்குகிறோம். ஆனால் மரம் நாரின் நீளவாக்கில் மிகக் குறைவாகவும் குறுக்குவாக்கில் அதிகமாகவும் சுருங்கும். ஆகவே காயும்போது அந்த மெல்லிய தாள் ஓரிடத்தில் இழுத்து, ஓரிடத்தில் உப்பி, அலையலையாக நெளிந்துவிடுகிறது. அதன் அழகுக்கும் நெளிவுக்கும் காரணம் ஒன்றே.

ஞாயிறு ஆராதனைக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. நெளிந்த தாளை அப்படியே பிளைவுட்டின்மேல் பரப்பி, மேலே கனத்த பலகை வைத்து, நான்கு பக்கமும் கிளாம்ப் போட்டு முறுக்கினேன். பட்டென்று ஓர் ஓசை, பிறகு இன்னொன்று. திறந்து பார்த்தபோது மேடாயிருந்த இடமெல்லாம் விரிசல்.

நம் சபையில் தச்சுவேலை செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரது சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். அவரிடம் போகத் தயங்கினேன். தயக்கத்திற்குக் காரணம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குமுன் அவருடைய மகன் ஒரு தவறு செய்தார். என்ன தவறு என்பது இங்கே வேண்டாம். அவர் சபைக்கு முன்பாக எழுந்துநின்று அறிக்கையிட்டே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எழுந்து நின்றார், இரண்டு வார்த்தை பேசினார். மறுவாரம் முதல் வரவில்லை. அதை ஒழுங்குநடவடிக்கை என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்.

பெரியவர் வந்து உடைந்த தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “காய்ந்திருக்கும்போது அழுத்தினால் உடையத்தான் செய்யும், ஐயா,” என்றார். மரத்தைப் பற்றித்தான் சொன்னார். அவர் குரலில் வேறெதுவும் இல்லை.

மீதியிருந்த இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டோம். தண்ணீரில் கிளிசரினும் சிறிது ஸ்பிரிட்டும் கலந்து, இரண்டு பக்கமும் தூரிகையால் பூசினார். சிறிது நேரத்தில் தாள் துணிபோல் இளகிற்று. அச்சடித்த செய்தித்தாளை வைக்க நான் போனபோது தடுத்தார். ஈரத்தில் மை ஏறிவிடுமாம். அச்சில்லாத காகிதத்தை மேலும் கீழும் வைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே படுக்கவிட்டு, பாரமாக ஒரு செங்கல்லை மட்டும் வைத்தார். “இவ்வளவுதானா?” என்றேன். “இன்றைக்கு இவ்வளவு போதும்,” என்றார். மாலையில் ஈரக் காகிதத்தை எடுத்துவிட்டு உலர்ந்ததை வைத்தோம், செங்கல் இரண்டாயிற்று. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் தாள் சமமாகிக் கிடந்தது. சுழிகள் ஒன்றுகூட அழியவில்லை.

சாலொமோன் கட்டின ஆலயத்தைக் குறித்து 1 இராஜாக்கள் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உட்சுவர்களைக் கேதுருப் பலகைகள் மூடியிருந்தன. கல் வெளியே தெரியவில்லை. கற்களோ முன்னதாகவே வேறிடத்தில் பண்படுத்தப்பட்டு வந்தன. கட்டும்போது அந்த வீட்டில் சுத்தியின் ஓசை கேட்கப்படவில்லை. இந்தப் பகுதியில் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன், பெரும்பாலும் அதன் பொன்னைப் பற்றி. அந்த அமைதியைக் குறித்து ஒருமுறையும் பேசினதில்லை.

ஒட்டும் வேலை விரைவில் முடிந்தது. பசையை வெனீரில் தடவாமல் பலகையில் மட்டுமே தடவ வேண்டும். தாளில் தடவினால் ஈரம் ஒருபக்கம் ஏறி மறுபடியும் சுருண்டுகொள்ளும். நடுவிலிருந்து ஓரங்களுக்கு அழுத்திச் செல்ல வேண்டும். பலகையின் அடிப்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டவேண்டும் என்றார் பெரியவர். யாரும் காணாத பக்கத்திற்கு எதற்கு என்று கேட்டேன். ஒருபக்கம் மட்டும் ஒட்டினால் பலகையே வளைந்துபோகும் என்றார்.

கிளாம்ப்களை இறுக்கியபின் கை கழுவிக்கொண்டிருந்தபோது, “உங்கள் மகனுக்கும் இதைத்தானே நான் செய்தேன்,” என்று சொல்லிவிட்டேன். இரண்டு ஆண்டுகளில் அவரிடம் நான் அதைப் பற்றிப் பேசியது அதுவே முதல்முறை.

அவர் துண்டால் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “அதை அவனிடம்தான் சொல்ல வேண்டும், ஐயா,” என்றார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, காய்ந்திருந்த ஒரு காகிதத்தின் ஓரத்தில் மகனுடைய தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

நேற்று மாலை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. இன்று இரவு மறுபடியும் அழைப்பேன்.