எந்த அரை இஞ்ச்?

விடிகாலை ஐந்து மணிக்குப் பால் பாக்கெட் எடுக்க எழுந்தேன். ஹாலில் கால் வைத்ததும் சளக்கென்றது. விளக்கைப் போட்டால் தரை முழுக்கத் தண்ணீர். முதல் நாள் பேப்பர் தரையோடு ஒட்டிக் கிடந்தது. 130 லிட்டர் பிடிக்கும் மூன்றடி மீன்தொட்டியில் பாதிதான் மிச்சம். அந்தப் பாதிக்குள் ஆறு ஏஞ்சல் மீன்களும் ஒதுங்கி நின்று என்னையே பார்ப்பதுபோல இருந்தது. பார்க்கத்தான் வேண்டும். முந்தின சாயங்காலம் அந்தக் குழாயைப் பொருத்தியவன் நான்தான்.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். குழாயும் மரையும் எனக்குச் சோறு போட்டவை. அதனால் இந்தக் கதையைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தொட்டியைக் கொளத்தூரில் வாங்கினோம். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம், எங்கள் வீட்டுக்குப் பக்கம். மோட்டார் மட்டும் அமெரிக்காவிலிருந்து உறவுக்காரப் பையன் கொண்டுவந்து கொடுத்தது. அடாப்டரில் ஓடும் மோட்டார் என்பதால் நம்மூர்க் கரண்ட்டுக்கும் ஒத்துப்போனது. கீழே அலமாரியில் அதை வைத்து, தண்ணீரை மேலே வடிகட்டிப் பெட்டிக்கு ஏற்ற வேண்டும். மோட்டாரின் வாயில் அரை இஞ்ச் மரை. ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் கப்ளர் வாங்கிவந்தேன். முதல் மூன்று சுற்று வெண்ணெயாய் ஏறியது. நான்காவதில் முரண்டு பிடித்தது.

பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா, இது இதோடது இல்லையோ?" என்றான். "அரை இஞ்ச்னா அரை இஞ்ச்தான்டா" என்று சொல்லிவிட்டு, டெஃப்லான் டேப்பைப் பத்துச் சுற்று சுற்றி, பைப் ரெஞ்ச் போட்டு ஒரு தம் பிடித்தேன். ஏறிவிட்டது. சொட்டுகூட ஒழுகவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு பிளாஸ்டிக்கில் மயிரிழையாய் விரிசல் விட்டிருக்கிறது. தண்ணீரை உறிஞ்சும் வாய் தொட்டியின் பாதி உயரத்தில் இருந்ததால் மீன்கள் பிழைத்தன.

காலையில் வெர்னியரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை இஞ்ச் என்றால் கணக்குப்படி 12.7 மில்லிமீட்டர். ஆனால் அரை இஞ்ச் யு.பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர். வெந்நீருக்குப் போடும் சி.பி.வி.சி.யில் அதே அரை இஞ்ச் 15.9தான். முன்னது பழைய இரும்புக் குழாயின் கணக்கு, பின்னது செம்புக் குழாயின் கணக்கு. இரண்டுமே அரை இஞ்ச் இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று.

மரை அதைவிட வம்பு. ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிக்கொண்டிருந்த இங்கிலாந்தில், ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் 1841இல் எல்லோருக்கும் பொதுவாக 55 டிகிரி மரையை முன்வைத்தார். குழாய் மரையில் நாம் இன்றும் அந்த வழிதான். அமெரிக்கக் குழாய் மரை 60 டிகிரி. அரை இஞ்ச்சில் இரண்டுக்குமே ஒரு இஞ்ச்சுக்கு 14 புரி. அதனால்தான் ஏறுகிறது. பல்லின் கோணம் வேறு என்பதால் கவ்வுவதில்லை. ஒரு இஞ்ச் குழாயில் இந்தச் சங்கடம் குறைவு. அங்கே நமக்கு 11 புரி, அவர்களுக்கு பதினொன்றரை. சீக்கிரமே மக்கர் பண்ணிக் காட்டிக் கொடுத்துவிடும்.

அந்த அமெரிக்காவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் அளவு மாறிக் கிடந்த காலமும் உண்டு. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. ஆளும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. பல வண்டிகளின் குழாய் முனை அந்த ஊர்த் தெருக்குழாயில் சேரவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின.

பார்த்ததுமே பொருந்தாது என்று தெரிகிற சாமான் வீட்டை நனைப்பதில்லை. அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். மூன்று சுற்று ஏறுகிறதே, அதுதான் ராத்திரியில் காலை வாரிவிடுகிறது.

என் மகனுக்குச் சொந்தத்தில்தான் பெண் எடுத்தோம். ஒரே ஊர், தலைமுறையாய்த் தெரிந்த குடும்பம். நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி, "சீரெல்லாம் எப்படி?" என்று கேட்டார். "நமக்குள்ள என்ன, முறைப்படி செஞ்சா போதும்" என்றேன் பெருந்தன்மையாக. அவரும் தலையாட்டினார். அவர் வீட்டு முறையில் தலை தீபாவளிக்குத் துணிமணி, பலகாரம். எங்கள் வீட்டு முறையில் மாப்பிள்ளைக்கு மோதிரம். மோதிரத்தை எதிர்பார்த்ததே தப்பு, அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நானும் என் மனைவியும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டோம். பேச்சு வார்த்தை நின்றது. பேரனுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் வந்தார், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார், கை நனைக்காமல் எழுந்து போனார். 'முறைப்படி' என்று நான் சொன்னதும் உண்மையாகத்தான், சம்பந்தி தலையாட்டியதும் உண்மையாகத்தான். அவருடைய அரை இஞ்ச் வேறு, என்னுடைய அரை இஞ்ச் வேறு.

மகள் கட்டிக்கொண்டது வங்காளிப் பையனை. வீடே பயந்தது. ஆனால் எதுவும் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் கேட்டோம். அவர்களும் கேட்டார்கள். அங்கே கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு முழு ரோகு மீனை அலங்கரித்து அனுப்புவது வழக்கமாம். எங்கள் வீடு சைவம். பையனின் அம்மா முதலிலேயே போன் பண்ணி, என்ன செய்யலாம் என்று கேட்டார். கடைசியில் மீன் வடிவ அச்சில் வார்த்த சந்தேஷ் இனிப்பு வந்தது. தட்டில் அதன் செதிலைத் தடவிப் பார்த்து என் மனைவி சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கல்யாணத்தில் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

குழாய்க்கு வருகிறேன். மரையோடு மரையை மல்லுக்கு விடுவதை நிறுத்தினேன். மோட்டாரோடு வந்த ஹோஸ் நிப்பிளைப் பேரன் பத்திரமாக எடுத்து வைத்திருந்தான். மோட்டார் பக்கம் அது. குழாய் பக்கம் நம்மூர் மரை போட்ட ஹோஸ் நிப்பிள். கடைக்காரர் பித்தளையில் எடுத்துக் கொடுத்தார், உழைக்கும் என்றார். உழைக்கும்தான். ஆனால் பித்தளையில் செம்பு உண்டு, தொட்டியிலுள்ள இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம். பிளாஸ்டிக்கே வாங்கினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் ஹோஸ். அதன் நுனியை வெந்நீரில் முக்கி இளக்கி, நிப்பிளின் வளையங்களைத் தாண்டும்வரை தள்ளி, ஆறியதும் கிளிப்பை முடுக்கினேன். கிளிப்பைக் கை நிறுத்தும் இடத்தில் நிறுத்தினேன். ரெஞ்ச் பெட்டியிலேயே இருந்தது. அந்தப் பக்கம் அதன் மரை, இந்தப் பக்கம் இதன் மரை. யாரும் யாருக்காகவும் பல்லைத் தேய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. மறுநாள் காலை தரையில் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். ஈரம் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது "சீக்கிரம் வந்துடறேன்" என்றால் பேரன், "எந்த அரை இஞ்ச்?" என்று கேட்கிறான். மகனும் நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறான்.

போன மாதம் தங்கை பேத்தியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மறுபடியும் தெரிந்த குடும்பம்தான். காபி முடிந்தது. "நமக்குள்ள என்ன, முறைப்படி செஞ்சிடலாம்" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். "ஒரு பேப்பர் கொண்டாங்க. முறைன்னா என்னென்னன்னு ரெண்டு பக்கமும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றேன். கூடத்தில் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. "பெருசுக்கு மரை கழண்டுபோச்சு" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

நான் பேனா மூடியைத் திறந்தேன்.