பேராக் அணியும் தோட்டத்துத் திடலும்

மலேசியாவின் பேராக் மாநிலக் காற்பந்துச் சங்கம் 1921இல் தோன்றியது. மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கூட்டு மலாய் மாநிலங்கள் தம் செலவில் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டிக்கொடுத்த 'எச்.எம்.எஸ். மலாயா' என்ற போர்க்கப்பல் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்தது. உபசரிப்புக்கு நன்றியாகக் கப்பல் அதிகாரிகள் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணங்கள் தந்தார்கள். கப்பல் கட்டிய பணத்தில் பேராக் ஈயத்தின் பங்கு பெரிது. அந்த வகையில் கிண்ணமும் சொந்தக் காசில் வந்த பரிசுதான். முதல் ஆண்டு சிங்கப்பூர் வென்றது. பேராக் 1926இலும் 1931இலும் வென்றது. அடுத்த வெற்றி நாடு விடுதலை பெற்ற 1957இல்தான் வந்தது.

பேராக் தலைநகர் ஈப்போவின் நகரத் திடலைச் சுற்றி செயின்ட் மைக்கேல் பள்ளி, ஆங்கிலேயரின் கிளப், இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் என்று மூன்று உலகங்கள் நின்றன. பட்டணத்துப் பையன்களுக்கு ஆட்டம் இங்கே பழகியது. தோட்டத்துப் பையன்களுக்கு அது வேறு வழியில் வந்தது.

சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பந்து ஊன்றியதற்குக் காரணம் வேலைநேரம். வெயில் ஏறினால் கித்தா எனும் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் நின்றுவிடும். அதனால் விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கு, இருட்டோடு பால்வெட்டு. ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டால் மாலைப்பொழுது பெரும்பாலும் வெட்டுக்காரரின் கையில்தான். தொழிலாளர் லயத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே சமன்செய்த ஒரு திடல் இருக்கும். வெறுங்கால்தான் பூட்ஸ். பக்கத்துத் தோட்டத்தோடு ஆடப்போவதென்றால் லாரி வேண்டும், லாரிக்குத் தோட்ட நிர்வாகியான தொரையின் அனுமதி வேண்டும். எழுத்தரான கிராணியின் மகனும் வெட்டுக்காரர் மகனும் ஒரே பக்கம் ஆடிய இடம் தோட்டத்தில் அதைத் தவிர அதிகமில்லை. ஆனால் அங்கிருந்து மாநில அணிவரை போனவர்கள் குறைவு என்பதையும் சொல்லவேண்டும். தேர்வாளர்களின் கண் பட்டணத்துப் பள்ளிகளிலும் அரசு இலாகா அணிகளிலும்தான் இருந்தது. தோட்டம் பெருமளவில் தந்தது ஆட்டக்காரர்களை அல்ல, ஆட்டம் தெரிந்த கூட்டத்தை. தமிழர் வரிசையில் மாநில அணிக்கும் தேசிய அணிக்கும் ஆடிய எம். கராத்து தனித்துத் தெரிகிறார்; பிற்காலத்தில் பயிற்சியாளராகி 2011இல் கிளந்தானைச் சூப்பர் லீக் வெற்றியாளராக்கியவரும் அவரே.

1965இல் ஈப்போவில் பேராக் விளையாட்டரங்கம் எழுந்தது. 1967இல் போட்டியின் பெயர் மலேசியக் கிண்ணம் என மாறியது. புதிய பெயரில் முதலில் வென்றது பேராக். 1970இல் மீண்டும் வென்றது.

அதே நேரத்தில்தான் தோட்டங்கள் காலியாகத் தொடங்கியிருந்தன. ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றது ஐம்பதுகளிலேயே தொடங்கிவிட்டது. அதற்கு எதிராகத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். ஆனால் 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தடுக்க ஆளில்லை. குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் வாங்கியே வேலை செய்யவேண்டும் என்றானதும், 1969, 1970 வாக்கில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பினாங்கில் 'ரஜூலா' கப்பலேறி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கினார்கள். அவர்களோடு போன சிறுவர்கள் பலர் மலாயாவில் பிறந்தவர்கள். தமிழ்நாட்டை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

அவர்கள் இல்லாத காலத்தில் அணி நன்றாகவே ஓடியது. 1990இல் முதன்முதலாக நடந்த எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. 1998, 2000 ஆண்டுகளில் மலேசியக் கிண்ணம், 2002, 2003 ஆண்டுகளில் லீக் பட்டம், 2004இல் மீண்டும் எஃப்.ஏ. கிண்ணம் என அடுக்கடுக்காக வந்தன. 2018 அக்டோபரில் ஷா ஆலமில் நடந்த மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் திரெங்கானுவை 3-3 சமநிலைக்குப் பின் பெனால்டியில் 4-1 என வீழ்த்தியது. கென்னி பால்ராஜ், பார்த்திபன் ஜனசேகரன் போன்ற தமிழ் ஆட்டக்காரர்கள் இருந்த காலத்து அணி அது.

அப்படிச் சிறுவயதில் கப்பலேறிப் போனவர் முதுமையில் திரும்பி வந்தால், ஈப்போ ரயில் நிலையத்தின் வெள்ளைக் கட்டடமும் நகரத் திடலும் இருந்த இடத்தில் இருக்கும். ஈப்போவின் புந்தோங் பகுதியில் கச்சான் பூத்தே எனும் கடலைத் தின்பண்டம் விற்பவர்களும் இருப்பார்கள். தோட்டங்கள் கைமாறியபோது வெளியேறிய குடும்பங்கள் பல பட்டணத்து ஓரங்களில் குடியேறின. தோட்டத்துக்குப் போகிறவருக்குத்தான் வழி தெரியாது. கித்தா இருந்த இடத்தில் செம்பனை, அல்லது தாமான் எனும் குடியிருப்பு வீடுகள். அடையாளத்துக்கு மாரியம்மன் கோயிலும், சில இடங்களில் தமிழ்ப்பள்ளியும் மிச்சம். கோயில் வாசலில் நின்று பார்த்தால் திடல் எங்கே இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடும் செம்பனையில் ஏறத்தாழ நூறு மரம் நிற்கும் அளவுதான் ஒரு காற்பந்துத் திடல். குலை வெட்டுவது பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர். அவர்களுடைய மாலைக்கு இங்கே திடல் ஒதுக்கப்படவில்லை.

அணியின் கதை முடிந்தது பணத்தால். மாநிலச் சங்க அணிகள் தனியார் கிளப்புகளாக வேண்டும் என்ற விதி 2021 பருவத்தில் வந்தது. சம்பளப் பாக்கி குவிந்த அந்த ஆண்டே பேராக் சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. பிறகு ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் உரிமையை வாங்க, லீக் விரிவாக்கப்பட்ட 2023இல் மேலே வந்தது. செலவு தாங்காமல் 2025இல் கிளப் மூடப்பட்டது. குற்றம் முழுவதையும் நிர்வாகத்தின் தலையில் போடுவது எளிது. ஆனால் மாநில அரசின் தயவு இல்லாமல் டிக்கெட் விற்று மட்டும் பிழைக்க அந்த அணிக்கு ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை. லாரி பிடித்துவந்து ஆட்டம் பார்த்த கூட்டம் சிதறியது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே.

2025-26 சூப்பர் லீக் பேராக் இல்லாமல் தொடங்கியது. நாற்பதாயிரம் பேர் கொள்ளும் என்று சொல்லப்பட்ட விளையாட்டரங்கம் நிற்கிறது. அதன் அருகிலுள்ள மைதானத்தில் சுல்தான் அஸ்லான் ஷா ஹாக்கிப் போட்டிக்கு வெளிநாட்டு அணிகள் வந்துபோகின்றன.