மாடு கறக்கும் நேரத்துக்குள் ஒரு மலைநாடு

வெளிநாடு போய்வரும் ஆசை இப்போது கிராமங்களிலும் வந்துவிட்டது. பேரன் கைப்பேசியில் இலங்கையின் தேயிலை மலையைக் காட்டுகிறான், கோஸ்டா ரிகாவின் காட்டையும் அருவியையும் காட்டுகிறான். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள். பிறகு யாராவது ஒருவர், "அதெல்லாம் சரி, மாட்டை யார் கறக்கறது?" என்று கேட்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இரண்டு கறவை மாடும் ஒரு ஏக்கர் மரவள்ளியும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது உண்மையான தடைதான். காலையில் ஒரு கறவை, மாலையில் ஒரு கறவை. இடையில் கிடைப்பது பத்து மணி நேரம். ஆனால் அந்தப் பத்து மணி நேரத்தில் பார்த்துத் திரும்பக்கூடிய ஒரு நாடு கண்ணெதிரே நிற்கிறது. நாடு என்பது பேச்சுக்குச் சொல்வது அல்ல. கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கே நாடு என்றுதான் பெயர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்று மொத்தம் 14 நாடுகள்.

இலங்கையும் கோஸ்டா ரிகாவும் சிறிய நாடுகளாக இருந்தும் இவ்வளவு வகையான மரம், செடி, பறவையோடு இருப்பதற்கு மழையோடு உயரமும் ஒரு காரணம். கடலோரத்தில் இருந்து கொஞ்ச தூரத்திலேயே மலை எழும்பிவிடுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கீழே தென்னை, மேலே தேயிலை. கொல்லிமலையிலும் அதே கணக்குதான். நாமக்கல் சமவெளி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 200 மீட்டர் உயரம். மலையின் மேல்பரப்பு 1,000 முதல் 1,300 மீட்டர். அடிவாரத்துக் காரவள்ளியில் வேர்வை துடைத்துக்கொண்டு பேருந்தில் ஏறியவர், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டில் இறங்கும்போது துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். கீழே சோளமும் மரவள்ளியும் இருந்த கண்ணுக்கு மேலே சவுக்கு மரத்தில் ஏறிய மிளகும், நிழலில் காப்பியும், பள்ளத்தாக்கில் படிப்படியாக நெல்லும் தெரிகின்றன.

பயணத் திட்டத்தை மாட்டுக் கொட்டகையில் இருந்து தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் முதல் நாள் இரவு போய், "நாளைக்கு ஒரு வேளை பாத்துக்கோங்கக்கா" என்று சொன்னால் போதாது. பழகாத கைக்குப் பல மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும். மடியில் பால் தேங்கினால் மடிநோய்க்கு அதுவே வாசல். ஒரு வாரம் முன்பே அந்த அக்காவை நாலைந்து வேளை கறக்கவைத்துப் பழக்கிவிட்டால், இரவு தங்கிவரக்கூட முடியும். அடர்தீவனத்தை வேளைக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கட்டி வைத்துவிட வேண்டும். அன்புக்காக ஒரு படி கூடுதலாக வைத்து, ஊர் திரும்பும்போது மாடு வயிறு உப்பி நிற்கும் கதைகள் உண்டு.

எப்போது போவது என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலானவர்கள் ஆடி 18-க்குப் போகிறார்கள். அந்தச் சமயத்தில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை இது. குதிரை மேல் அமர்ந்த அவன் சிலையும் செம்மேட்டில் இருக்கிறது. அரசு விழா, மலர்க் கண்காட்சி, அறப்பளீஸ்வரர் கோயில் கூட்டம் எல்லாம் சேர்ந்துவிடும். கூட்டம் பிடிக்கும் என்பவர்கள் போகலாம். ஆனால் ஆடிப்பட்ட விதைப்பை விட்டுவிட்டு வளைவுக்கு வளைவு வண்டி நெரிசலில் நிற்பது விவசாயிக்கு நல்ல திட்டம் அல்ல. பலாப்பழம் வேண்டுமென்றால் வைகாசி, ஆனி. காப்பிப் பழம் பறிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மார்கழியை ஒட்டி. மிளகு காய்வதைப் பார்க்க மாசி. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் மண் சரிவும் பனிமூட்டமும் இருக்கும். ஆகாய கங்கையில் நீர் அதிகமானால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். புரட்டாசிதான் பொருத்தமான மாதம். அருவியில் தண்ணீர் இருக்கும், கூட்டம் இருக்காது, மானாவாரிக் காட்டில் சாமைக் கதிரும் நிற்கும்.

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாகச் செம்மேடு சுமார் 55 கிலோமீட்டர். பேருந்து உண்டு. இராசிபுரம் பக்கத்தவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழியாகவும் சாலை இருக்கிறது. சொந்த வண்டியில் போகிறவர்கள் ஏறும் வண்டிக்கு வழிவிட்டு, எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையில் கருகல் வாடை வரும். சொந்தக்காரர்கள் இருபது பேரைச் சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும் வழக்கத்தை இந்த மலையில் கட்டாயம் விட்டுவிட வேண்டும். பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டு இட்லி போதும், மிச்சத்தை மேலே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

மேலே போனதும் எல்லோரும் முதலில் ஓடுவது ஆகாய கங்கைக்கு. வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போதுதான் முழங்கால் பேசும். வயதானவர்களைக் கோயிலில் உட்காரவைத்துவிட்டு இளவட்டங்கள் போய்வரலாம். மாசிலா அருவி, நம்ம அருவி இரண்டுக்கும் அவ்வளவு சிரமம் இல்லை. வாசலூர்பட்டியில் படகு உண்டு. சீக்குப்பாறையில் நின்று கீழே பார்த்தால் தங்கள் ஊர்ப் பக்கம் எது என்று பிள்ளைகள் தேடத் தொடங்கிவிடுவார்கள். கரைபோட்டான் ஆறு இந்த மலையில் பிறந்து, நாமக்கல் சமவெளி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கீழே கிணற்றில் தண்ணீர் ஏறுவதற்கும் மேலே காடு நிற்பதற்கும் உள்ள தொடர்பை அங்கே வைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

ஆனால் விவசாயி நின்று பார்க்க வேண்டிய இடம் அருவி அல்ல. சாலையோரச் சரிவுகளில் சாமையும் மரவள்ளியும் அடுத்தடுத்து நிற்கும் காடுகள்தான். மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு பயிர் செய்துவந்த மலை இது. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுளாச் சாமை, பெருஞ்சாமை என்று தனித்தனி விதைகள் வைத்திருந்தார்கள். மழை முந்தினால் ஒன்று, பிந்தினால் ஒன்று, மண் மெலிந்த சரிவுக்கு ஒன்று. விதை வாங்கக் கடைக்குப் போகாத விவசாயம்.

சேலத்தில் 1940-களில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில் வளர, ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பும் வந்தது. சமவெளிக் கிழங்கு போதாமல் லாரிகள் மலையேறின. மரவள்ளி போட்டால் கையில் மொத்தமாகப் பணம். சாமை போட்டால் உரலில் குத்திக் குத்திப் பெண்களின் தோள் போகும், விலையும் சொற்பம். மலை விவசாயி மரவள்ளிக்கு மாறியதைக் குறை சொல்லச் சமவெளிக்காரருக்கு உரிமை இல்லை. அந்தக் கிழங்கு வந்து சேர்ந்தது சமவெளி ஆலைகளுக்குத்தான். ஆனால் சரிவு நிலத்தில் ஆண்டுதோறும் கிழங்கைப் பிடுங்கும்போது மண்ணும் இளகி மழையில் இறங்குகிறது. சாமைக் காடு குறையக் குறைய, அந்த விதைகளின் பெயர் தெரிந்தவர்களும் குறைந்தார்கள்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து இங்கே வேலை செய்தது. ஊருக்கு ஊர் விதை வங்கி, உமி நீக்கும் சிறிய இயந்திரம், பெண்கள் குழுக்கள் மூலம் விற்பனை என்று போனது. இதில் மிக முக்கியமானது அந்த உமி நீக்கும் இயந்திரம்தான். குத்தும் வேலை குறையாமல் சாமையின் சத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் யாரும் விதைத்திருக்க மாட்டார்கள். 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்துக் கடைகளில் சாமை விலை பேசப்பட்டது. அதை விதைக்கும் கை மலையில் எத்தனை மிச்சம் என்பதை நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சாமைக் காட்டில் ஆள் இருந்தால் வண்டியை நிறுத்தி, "என்ன சாமைங்க இது, விதை எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டால் போதும். விவசாயிக்கு விவசாயி பேச வேறு அறிமுகம் தேவையில்லை.

வாங்கிவர நிறைய இருக்கிறது. சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசி, பலா, மலை வாழை, மிளகு கிடைக்கும். மிளகு வாங்கும்போது கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். முற்றிய மிளகு அடியில் போகும், பப்பாளி விதை மிதக்கும். உமி நீக்கிய சாமை சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும், ஆகவே ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது. வழியெல்லாம் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு விற்பார்கள். குளிருக்கு ஒரு கோப்பை குடித்துப் பார்க்கலாம். மூட்டு வலி போய்விடும் என்று நம்பிக் கிலோ கணக்கில் கட்டி எடுத்துவருவது வேண்டாம். அது பாறையிலும் மரத்திலும் தானாக வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. யாரும் நட்டு வளர்ப்பதில்லை, பறிக்கத்தான் செய்கிறார்கள்.

கொண்டுவரவே கூடாத பொருள்கள் இரண்டு. ஒன்று, மலை வாழைக் கன்று. முடிக்கொத்து நோய் கன்றில் தெரியாமலே ஒளிந்திருக்கும், தோட்டத்தில் அசுவினி அதைப் பரப்பிவிடும். இன்னொன்று, மரவள்ளிக் கரணை. 2020-ல் நம் நாட்டில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி கரணையோடு பயணம் செய்யும். அதைக் கட்டுப்படுத்த மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் என்ற சிறிய நாட்டில் இருந்து அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். வெப்ப மண்டலத்துச் சிறிய நாடு ஒன்றில் இருந்து இந்தச் சமவெளிக்கு வந்த உண்மையான உதவி அது. கண்டபடி மருந்து அடிக்கும் தோட்டத்தில் அந்தக் குளவியும் செத்துவிடும்.

மாலைக் கறவைக்கு ஐந்தரை மணிக்குள் கொட்டகையில் நிற்க வேண்டியவர்கள், செம்மேட்டை மூன்று மணிக்கு விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு பல நாள் பனி இறங்கும், வண்டி ஊர்ந்துதான் போகும். காரவள்ளியில் ஒரு டீக்கு நிறுத்தினால் பிரேக்கும் ஆறும், பிள்ளைகளின் வயிறும் நிதானத்துக்கு வரும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு அன்னாசி மறக்காமல் வாங்கியிருக்க வேண்டும். அடுத்த முறையும் அவர்தான் கறக்க வேண்டும்.