கேட்கக் கூசிய மாத்திரை

எனக்கு வயது 68. சர்க்கரையோடு 22 வருடமாகக் குடித்தனம். அது முதலில் எங்கே கைவைத்தது என்பதை என் வீட்டுக்காரியைத் தவிர யாரும் அறியார். பிறகு சிறுநீரகத்துக்கு வந்தது. கிரியாட்டினின் 2.4 என்பதை ஊரெல்லாம் சொல்லிப் புலம்பினேன். முதலாவதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

காலையில் கூட நடக்கும் சிநேகிதன் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். "போட்டுப் பாருடா, ஒண்ணும் பண்ணாது" என்று அரை அட்டை மாத்திரையைக் கையில் திணித்தான். ஆண்மைக் குறைவுக்குப் போடும் சில்டெனாஃபில், 100 மில்லிகிராம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. கடைக்காரர் அவனுக்கு வேண்டியவராம்.

ஒரு ராத்திரி முழு மாத்திரையைப் போட்டேன். ரத்த அழுத்தத்துக்காகப் படுக்கும்முன் போடும் பிரசோசினையும் வழக்கம்போலப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கழிவறைக்கு எழுந்தவன், கதவு நிலையைப் பிடித்தபடியே சரிந்தேன். நெற்றியில் மூன்று தையல். மகனிடம் "தரை வழுக்கிடுச்சுப்பா" என்றேன். வீட்டுக்காரி ஒன்றும் பேசவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

சிறுநீரக மருத்துவர் என் மகள் வயதுப் பெண். வாயால் சொல்லக் கூசி, துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு, "இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே ஐயா" என்றார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருடம் கூசினேன்!

மாத்திரையைச் செரித்து வெளியேற்றுவது பெரும்பாலும் ஈரல்தானாம். ஆனாலும் சிறுநீரகம் வடிகட்டும் அளவு, பரிசோதனைத் தாளில் இஜிஎஃப்ஆர் என்று போடுகிறார்களே அது, 30க்குக் கீழே போனால் ரத்தத்தில் மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்காகச் சேர்ந்துவிடுமாம். எனக்கு 28. நான் விழுங்கிய 100 என் உடம்புக்கு 200 மாதிரி. போதாததற்கு, ரத்தக்குழாயைத் தளர்த்தும் பிரசோசின் வேறு. விழாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டு, இதயத்தைச் சோதிக்கச் சொல்லி, அதன் பிறகுதான் எழுதிக் கொடுத்தார்: 25 மில்லிகிராம், பிரசோசின் போடும் நேரத்தை விட்டுத் தள்ளி. இதே வகை மாத்திரையான தடாலாஃபில் உடம்பில் நெடுநேரம் தங்குவதாம். என் நிலையில் இருப்பவர்களுக்கு 5 மில்லிகிராம், அதுவும் 72 மணி நேரத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாதாம். லேகியம் பற்றியும் கேட்டுவைத்தேன். இயற்கை மருந்து என்று விற்கும் சில சரக்குகளில் இதே சில்டெனாஃபிலைச் சொல்லாமல் கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது என்றார். எத்தனை மில்லிகிராம் என்று டப்பாவிலா போட்டிருப்பான்?

புறப்படும்போது, "நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை ஏதும் வைத்திருக்கிறீர்களா?" என்று மறுபடி கேட்டார். அந்த நைட்ரேட் மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய் உயிரே போகலாமாம். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்கும், தடாலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்கும் அதைத் தொடக் கூடாது. நெஞ்சு வலித்து மருத்துவமனைக்கு ஓடினாலும், எதை எப்போது போட்டோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை மிச்சமிருந்த மாத்திரைகளைச் சிநேகிதனிடமே திருப்பிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டவன், நைட்ரேட் என்றதும் நின்றான். போன வருடம்தான் அவனுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நாக்கடியில் வைக்கும் அந்த நைட்ரேட், சார்பிட்ரேட் அட்டை, அங்கேதான் இருந்தது.